வால் மட்டும் தெரிந்தது

ஒரு மீனுக்காகக் குடும்பமே ஊரை விட்டுப் போகாமல் உட்கார்ந்திருக்கிறதே, இந்தத் தணிகாசலத்துக்கு என்ன பித்தா பிடித்திருக்கிறது என்று போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்கள். கோபத்தில் நியாயம் உண்டு. அவர் மனைவி செண்பகமும் அதையேதான் கேட்டாள். கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்து முழுக்கக் கேட்கும்படிதான் கேட்டாள். ஆனால் காது கொடுத்துக் கேட்கப் பக்கத்து வீட்டை விட்டால் சந்தில் ஆள் இல்லை.

கொழும்பில் குண்டு விழுந்தாகிவிட்டது. விசாகப்பட்டினத்தில் விழுந்தாகிவிட்டது. இங்கே வேலை இல்லாதவர்கள் வெளியூர் போவது நல்லது என்று சர்க்காரே சொல்லிவிட்டது. மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்குகிறது. திருத்தணியில் செண்பகத்தின் தம்பி ஏழுமலை ஓர் அறையை ஒழித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். போன வாரம் ஜட்கா வந்து, மூட்டைகள் ஏறி, செண்பகம் வாசலில் கற்பூரம் கொளுத்தின பிறகுதான் தணிகாசலம் மூட்டைகளைத் திரும்பக் கீழே இறக்கினார். "பொந்தனை வுட்டுட்டு நான் வரமாட்டேன். அது செத்தா வரேன்" என்றார். வண்டிக்காரன் தலையில் அடித்துக்கொண்டு போனான்.

பொந்தன் என்பது மீனுக்கு வைத்த பேர். கடற்கரையில் இருந்த மீன் காட்சிசாலையில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை தணிகாசலத்துக்கு. யுத்தம் வந்து அதை மூடினபோது மற்ற மீன்களையெல்லாம் வாரிக்கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். இவனை மட்டும் விட அவருக்கு மனம் வரவில்லை. பாம்பன் பக்கத்துப் பவளப்பாறையில், பொந்துக்குள்ளேயே காலம் தள்ளுகிற ஜாதி. நம் ஊர்க் கடலோரமோ வெறும் மணல். ஒளிய ஓர் ஓட்டை இல்லாத இடத்தில் விட்டால் பொழுது சாய்வதற்குள் எதன் வயிற்றுக்காவது போய்விடும். மேலே இருந்தவர்களிடம் கேட்டு, ஒரு கண்ணாடித் தொட்டியோடு மீனை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

அவர் மகள் ரத்னாவுக்கு அந்த மீனின்மேல் ஆசை என்று சொல்ல முடியாது. நன்றி இருந்தது. அவளுக்கும் இந்த வீட்டை விட்டுப் போக இஷ்டமில்லை. அவள் புருஷன் ரகுபதி ரங்கூனில் ஒரு மரவாடி ஆபீசில் குமாஸ்தா. மார்கழியில் அங்கே குண்டு விழுந்ததிலிருந்து அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மலையும் காடும் தாண்டி ஜனங்கள் நடந்தே வருகிறார்களாம். அப்படி அவனும் நடந்து வந்தால் இந்தச் சந்துக்குத்தானே வருவான்? வந்து பூட்டைப் பார்த்தால் எங்கே போவான்?

இதை அம்மாவிடம் சொன்னால் ஒப்பாரிதான் வரும். அவள் வாய்விட்டுச் சொல்லாமலே நைனா அதைப் புரிந்துகொண்டு, மீனைச் சாக்கு வைத்துத் தனக்காக ஊரில் நிற்கிறார் என்று ரத்னா நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் இந்த ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கிற்று.

இன்றைக்கும் இருட்டு பிரிவதற்குள் சாந்தோம் கரைக்கு வந்திருந்தாள். தணிகாசலத்துக்கு இரைப்பு, மணலில் நடந்தால் மூச்சு வாங்கும். அதனால் தண்ணீர் எடுப்பது மகள் பொறுப்பாகிவிட்டது. கரையோரத் தண்ணீர் உதவாது, அதில் சேறும் நுரையும் இருக்கும். அலை உடைகிற இடத்துக்கு அப்பாலிருந்து தெளிந்த தண்ணீராக வேண்டும். குப்பத்துத் தாயம்மாவின் புருஷன் கட்டுமரத்தில் போகும்போது இரண்டு மண்குடங்களில் மொண்டு கொண்டுவந்து கொடுப்பான். மண்குடம்தான். உலோகம் எதுவும் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது என்பது நைனாவின் உத்தரவு.

தாயம்மா ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் விட்டு, துள்ளுகிற பொடி இறாலாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தாள். பொந்தன் செத்த இரையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஊரே அரிசிக்கு அல்லாடும்போது அவனுக்கு மட்டும் ராஜபோகம்.

"நீங்க இன்னும் போவலியா?" என்றாள் தாயம்மா.

"இல்ல. நீங்க?"

"நாங்க எங்கம்மா போறது? கடல வுட்டா எங்களுக்கு எது ஊரு?" என்று சொல்லிவிட்டு, ரத்னாவின் கழுத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வேறெங்கோ பார்த்தாள். இப்போதெல்லாம் எல்லாரும் அவள் கழுத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ரத்னாவுக்கு அது பழகவே இல்லை.

இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்றாக இரண்டு குடங்களையும் எடுத்துக்கொண்டு திரும்பினாள். மாதா கோயில் மணி அடித்தது. ரோட்டோரத்தில் பதுங்கிக்கொள்ள வெட்டின பள்ளத்தில் நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது.

வீட்டு வாசலை மிதிக்கும்போதே அம்மாவின் குரல் கேட்டது.

"நான் இன்னா கொலைக்குத்தமா பண்ணிட்டேன்? நாலு வார்த்த திட்டினாலாவது தேவல. வாயத் தொறக்காம கழட்டி வெச்சா இன்னா அர்த்தம்?"

ரத்னா குடங்களை இறக்கிவிட்டு முன்னறைக்குள் எட்டிப் பார்த்தாள். நைனா ராத்திரி முழுக்க விமானக் குண்டுக் காவலுக்கான ஏ.ஆர்.பி. ரோந்து சுற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் பளபளவென்று, லிங்கத்தின்மேல் தண்ணீர் சொட்டத் தொங்கவிடுகிற செம்புத் தாராப்பாத்திரம் ஒன்று கிடந்தது.

தொட்டிக்கு மேலே உத்தரத்தில் எப்போதும் ஒரு மண்குடம் தொங்கும். அடியில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை. அதிலிருந்து கடல்தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழுந்துகொண்டே இருக்கும். அப்படி விழுந்தால்தான் தண்ணீருக்குள் காற்று இறங்கும், மீனுக்கு மூச்சு முட்டாது. காட்சிசாலையில் இதற்கெல்லாம் யந்திரம் இருந்தது. வீட்டில் நைனாவின் யுக்தி இதுதான்.

அந்தக் குடம் செண்பகத்துக்கு ஆகவே ஆகாது. ஓட்டை போட்ட மண்குடம் ஒழுகுவதைச் சாதாரணமாக எங்கே பார்ப்போம்? சுடுகாட்டில், கொள்ளி வைக்கிறவன் தோளில். மாப்பிள்ளை இருக்கிற இடம் தெரியாத சமயத்தில் அதைக் கொண்டுவந்து நடுவீட்டில் தொங்கவிட்டிருக்கிறாரே மனுஷன் என்று அவள் பொருமாத நாள் இல்லை. சொன்னால் கேட்கிற மனுஷனா அவர்?

"சொல்லுடி, நீயே சொல்லு!" என்று செண்பகம் சமையலறையிலிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "மாப்ள நல்லபடியா வரணும்னு முக்குக் கோயில் சிவனுக்கு வேண்டிக்கினு அந்தத் தாராப்பாத்திரத்த வாங்கினேன். கொண்டுபோனா கோயிலு பூட்டிக் கீது. குருக்கள் செங்கல்பட்டுக்கு பூட்டாராம். சாமி தலையில விழவேண்டிய தண்ணி. வாயில்லாத ஜீவன் தலையிலயாவது விழட்டும், அந்தப் புண்ணியத்துல சாமி கண்ணத் தொறக்கட்டும்னு நேத்து சாயங்காலம் இவுரு ரோந்துக்குப் போனதும் அந்தப் பீடக் குடத்த எறக்கிட்டு இத தொங்கவுட்டேன். தப்பா?"

ரத்னா நேற்று தலைவலி என்று சீக்கிரமே படுத்துவிட்டிருந்தாள். விளக்கு ஏற்றக் கூடாத ஊரில் காலையில் எழுந்து இருட்டிலேயே குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினவள், மேலே தொங்குவது என்ன என்று பார்க்கவில்லை.

"தகரம் ஆவாதுன்னாரு, இரும்பு ஆவாதுன்னாரு. செம்பு ஆவாதுன்னு எப்போ சொன்னாரு? செம்பு சுத்தம்டி! புளி போட்டு நல்லா தேய்ச்சுதானே தொங்கவுட்டேன்?"

ரத்னா குனிந்து பாத்திரத்தைக் கையில் எடுத்தாள். ஓட்டையைச் சுற்றிப் பச்சையாகப் படிந்திருந்தது. காட்சிசாலையில் ஒரு தடவை புது ஆள் ஒருவன் பித்தளைச் சொம்பால் தண்ணீரை மொண்டு விட்டு, ஒரு தொட்டி மீனும் மல்லாந்துவிட்டது என்று நைனா முன்பு சொல்லியிருந்தார். செம்பும் பித்தளையும் கடல்தண்ணீர் மீனுக்கு விஷம்.

"நைனா, மீனு?"

"உள்ள கீது."

"நல்லா கீதா?"

"வாலு தெரியுது பாரு."

தெரிந்தது. கல் பொந்திலிருந்து வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பொந்தனின் வழக்கமே அதுதான். உள்ளங்கை நீளம் இருப்பான். மை மாதிரி கறுப்பு உடம்பில் சுண்ணாம்பு தெறித்தது போலப் புள்ளிகள். பயந்துவிட்டால் தலையைப் பொந்துக்குள் செருகிக்கொண்டு வாலை வெளியே விட்டுவிடுவான். வால் பக்கத்தில் கண் மாதிரியே ஒரு வட்டம். பார்க்கிறவனுக்குப் பொல்லாத விலாங்கு ஒன்று தலையை நீட்டி முறைக்கிற மாதிரி இருக்கும். காட்சிசாலைக்கு வந்த ஜனங்கள் அந்தப் பொய்க் கண்ணைத்தான் கண்ணாடியில் தட்டித் தட்டிக் கூப்பிடுவார்கள். நிஜ முகம் எங்கேயோ உள்ளே இருட்டில் இருக்கும்.

"பயந்து பூட்டுது. ஒருத்தரும் கிட்ட வராதீங்க" என்று தணிகாசலம் தொட்டியின் மேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தினார். மண்குடம் பழையபடி மேலே ஏறியிருந்தது. ரத்னா கொண்டுவந்த தண்ணீரை விட்டுத் தொட்டியில் பாதியை மாற்றினார். செண்பகத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதுதான் ரத்னாவுக்கு உறுத்திற்று. தொட்டிப் பக்கம் தொடப்பம் போனாலே கத்துகிற மனுஷன். ஊதுவத்தி கொளுத்தினால்கூட, புகை தண்ணீரில் இறங்கும் என்று பிடுங்கித் தெருவில் எறிகிறவர். இன்றைக்கு அவர் சத்தம் போட்டிருந்தால் அவளுக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

இறால் இருந்த கொட்டாங்கச்சியை ஜன்னல் கட்டையில் வைத்தாள். "நைனா, எர போடட்டுமா?"

"வெச்சுட்டுப் போ. நான் போட்டுக்கறேன்."

மத்தியானம் அம்மாவும் பெண்ணும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டார்கள் என்று பேர். செண்பகம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"சாயங்காலம் ஜட்கா வரும்டி. ஏழுமல ஸ்டேஷன்லயே காத்துக்கினு இருப்பான். வண்டியில எடம் கெடைக்கறதே குதிரக் கொம்பாக் கீது. இன்னொரு தபா திருப்பி அனுப்பிச்சா அவன் மூஞ்சியில நான் எப்டி முழிக்கறது?"

"நைனா வரமாட்டாரும்மா."

"அது செத்தா வரேன்னாரே." இதைச் சொல்லிவிட்டு செண்பகம் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். எச்சில் கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயோ, சாவக் கூடாது. அது என் கையால சாவக் கூடாதுடி."

முந்தானையை விலக்கி இடுப்பிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சை எடுத்துக் காட்டினாள். "காலையில முடிஞ்சு வெச்சேன். இந்த மீனு பொழச்சா மாப்ளயும் பொழச்சு வந்துடுவாருன்னு. நான் போட்ட வெஷம் எறங்கிடணும்னு. திருத்தணி போனதும் முருகன் உண்டியில போட்டுடறேன்."

ரத்னாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதையாவது கொண்டுபோய் எதிலாவது முடிபோட்டு வைப்பதே அம்மாவுக்கு வழக்கம். இப்போது தன் புருஷனின் உயிரைக் கொண்டுபோய் அந்தப் பொந்தில் கட்டிவிட்டாளே! "ஏம்மா இப்டியெல்லாம் வேண்டிக்கற?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர, அந்த நிமிஷத்திலிருந்து அவளும் அதை நம்பத்தான் தொடங்கினாள். மனம் அப்படித்தான். ஒன்றும் கிடைக்காதபோது ஒரு மீன் வாலைக்கூடப் பிடித்துக்கொள்ளும்.

வெயில் தாழ்ந்ததும் பக்கத்து வீட்டு வாசலில் குதிரை கனைத்தது. லஸ்ஸில் கடிகார ரிப்பேர் கடை வைத்திருக்கிற அப்துல் கய்யூம் பாயின் வீடு அது. சந்தில் இவர்களை விட்டால் மிச்சமிருந்த ஒரே குடும்பம். அவர்களும் இன்றைக்கு ஆற்காட்டுக்குக் கிளம்புகிறார்கள். பாயின் தம்பி குலாம் முகம்மதுவும் ரங்கூனில்தான் வெற்றிலை பாக்குக் கடை வைத்திருந்தான். ரகுபதியின் மரவாடிக்கு எதிரே. தினமும் அவன் கடையில்தான் ரகுபதி வெற்றிலை போடுவான். தம்பியைப் பற்றிக் கேட்டால் "ஒண்ணும் தெரியலம்மா" என்பார் பாய். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே துக்கம்.

வழியனுப்ப ரத்னா வாசலுக்கு வந்தாள். பாயின் மனைவி நஸ்ருன்னிசா பானையும் படுக்கையுமாக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவள், ரத்னாவைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு அழுதாள். ஊருக்குப் போகிறவள் அழுகிற அழுகையாக அது இல்லை.

"பேட்டி, என் பொண்ணே, நீ தைரியமா இருக்கணும். அல்லா இருக்கான்."

"இன்னா பீபியம்மா, திரும்பி வரப் போறீங்க. அதுக்குள்ள அயுறீங்களே?"

அப்போதுதான் வண்டிக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. படுதா விலகியிருந்தது. உள்ளே ஓர் ஆள் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு பாதத்திலும் முழங்கால் வரை துணி சுற்றிக் கட்டியிருந்தது. முகத்தில் எலும்புதான் மிச்சம். அவனை அடையாளம் தெரிய ரத்னாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"குலாம் பாயா அது?"

நஸ்ருன்னிசா கையை வாயில் வைத்துக்கொண்டாள். "வந்து ஒரு வாரம் ஆச்சு பேட்டி. ஒரே ஜுரம். கால் ரெண்டும் புண்ணு. யாருகிட்டயும் சொல்ல வேணாம்னு உங்க நைனாதான்..."

"நஸ்ருன்!" என்று கய்யூம் பாய் அதட்டினார்.

ரத்னா வண்டிப் படியைப் பிடித்துக்கொண்டாள். "பாய், எங்க வூட்டுக்காரரப் பாத்தீங்களா? அவரும் உங்ககூடத்தான வந்தாரு?"

குலாம் முகம்மது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துணி சுற்றிய தன் பாதத்தைப் பார்த்தான். "உங்க நைனாகிட்ட எல்லாம் சொல்லிட்டேம்மா" என்றான். "அவரு சொல்லுவாரு."

"எப்போ சொன்னீங்க?"

"போன வாரம். உங்க வூட்டாண்ட ஜட்கா வந்து நின்னுதே, அன்னிக்குத்தான். மூட்ட ஏத்திக்கினு இருந்தப்ப எங்கண்ணன் அவரக் கூப்ட்டு வந்தாரு."

வண்டி நகர்ந்தது. ரத்னா ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். குதிரை ஒன்றும் பறந்துவிடவில்லை. சந்து முனையில் திரும்ப முடியாமல் வெகுநேரம் முட்டிக்கொண்டு நின்றது. அவள் ஓடவில்லை. எல்லாம் சொல்லிவிட்டேன் என்றானே, எல்லாம் என்றால் என்ன? நல்ல சேதி என்றால் நைனா அதை ஒரு வாரம் வாயில் அடைத்து வைத்திருப்பாரா?

வீட்டுக்குள் நுழைந்தபோது ஊதுவத்தி வாசனை வந்தது.

ரத்னா கதவருகிலேயே நின்றுவிட்டாள். முன்னறையில், தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு கட்டு ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. ஒன்று இரண்டு அல்ல, கட்டாக. கொளுத்தினவர் நைனாதான். அம்மா உள்ளே மூட்டைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். புகைக்கு அடியில், அந்தச் சித்திரைப் புழுக்கத்தில், இன்னொரு வாடை லேசாக எழும்பிக்கொண்டிருந்தது. மீன்கடைப் பக்கம் போனவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வாடை.

ஜன்னல் கட்டையைப் பார்த்தாள். காலையில் வைத்த கொட்டாங்கச்சி வைத்தபடியே இருந்தது. இறால்கள் வெளுத்துப்போய்க் கிடந்தன. இரை போடவே இல்லை.

தணிகாசலம் சுவரில் சாய்ந்திருந்தார். காக்கிச் சட்டை இன்னும் உடம்பில்தான் இருந்தது. மகள் தொட்டியை நோக்கிப் போவதைப் பார்த்து, "கிட்ட போவாதம்மா" என்றார்.

ரத்னா துணியை விலக்கினாள். வால் அதே இடத்தில் இருந்தது. அந்தப் பொய்க் கண் அவளைப் பார்த்தது. வெள்ளைப் புள்ளிகள் மங்கி மஞ்சளாகியிருந்தன. முழங்கை வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தொட்டாள். உயிருள்ளதாயிருந்தால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். அது அவள் விரல் போன பக்கமெல்லாம் கூடவே அசைந்து கொடுத்தது.

கையை எடுத்தாள். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காலையில் வந்து பாத்திரத்தைக் கழற்றும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் திட்டவில்லை. செத்துப்போனதை நாளெல்லாம் உயிரோடு வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தண்ணீர் மாற்றியிருக்கிறார், துணி போர்த்தியிருக்கிறார், 'வாலு தெரியுது பாரு' என்றிருக்கிறார். இவருக்கு இது கைவந்த வேலை என்று ரத்னாவுக்குத் தோன்றிற்று. ஒரு வாரமாகப் பழகியிருக்கிறார்.

தனக்காக ஊரில் நிற்கிறார் என்று நினைத்தாளே, அது பொய்யில்லை. ஆனால் அவள் நினைத்த காரணம் வேறு. திருத்தணிக்குக் கிளம்பினால் அவள் வரமாட்டேன் என்பாள். புருஷன் திரும்பி வந்தால் வீட்டில் யார் இருப்பார்கள் என்பாள். அப்போது நைனா வாயைத் திறந்தாக வேண்டும். மீன் இருக்கிறவரைக்கும் திறக்க வேண்டியதில்லை.

அவர்மேல் கோபப்பட முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை. காக்கிச் சட்டைக்குள் குறுகிப்போய் உட்கார்ந்திருந்த அந்தக் கிழவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

வாசலில் ஜட்கா மணி கேட்டது. செண்பகம் மூட்டையோடு வந்து அறை வாசலில் நின்றாள். அவள் பார்வை தொட்டிக்குப் போகப் பயந்து புருஷன் முகத்திலேயே நின்றது.

"வண்டி வந்துட்டுது. இப்பவாவது வாயத் தொறந்து சொல்லுங்க. மீனு கீதா, பூட்டுதா?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். இரைப்பு இழுக்க ஆரம்பித்தது. மார்பைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார். நீ சொல் என்றும் இருந்தது அந்தப் பார்வை, சொல்லிவிடாதே என்றும் இருந்தது.

மீன் செத்துவிட்டது என்று இப்போது சொன்னால் போதும். அடுத்தது தானாக வரும். கேள்வி வரும், பதில் வரும், குலாம் முகம்மது சொன்னதெல்லாம் வரும். இன்றைக்கே, இந்த வாசலிலேயே தெரிந்துவிடும். தெரிந்துகொள்ளத்தானே இத்தனை மாதம் துடித்தாள்?

"கீதும்மா" என்றாள் ரத்னா. "இப்பத்தான் அசைஞ்சுது. நான் கை வுட்டுப் பாத்தேன்."

செண்பகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மஞ்சள் முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். "முருகா, நீ கைவுடல. பொழச்சுட்டுது. அப்போ மாப்ளயும் வந்துடுவாருடி, நீ வேணா பாரு. வந்துடுவாரு." பிறகு எழுந்து போய், யாரும் சொல்லாமல் அவளே ஜட்காக்காரனைத் திருப்பி அனுப்பினாள். போன வாரம் மூட்டையை இறக்கினதற்குச் சந்தே கேட்கும்படி கத்தினவள்தான். அவன் இந்த வீட்டையே திட்டிக்கொண்டு போனான்.

திரும்பி வந்தவளின் முகம் எவ்வளவோ நாளைக்குப் பிறகு தெளிந்திருந்தது. "இன்னிக்கு அத தொந்தரவு பண்ண வேணாம். காலையில வெளிச்சம் வந்ததும் நானும் வந்து ஒக்காந்து பாக்கறேன். வாலையே காட்டிக்கினு கெடக்குது. அதும் மூஞ்சிய நான் இன்னும் பாத்ததேயில்ல" என்று சொல்லிக்கொண்டே அடுப்பு மூட்டப் போனாள். வாடை அவள் மூக்குக்கு எட்டவில்லை. அல்லது எட்டியும் எட்டாததாக ஆக்கிக்கொண்டாளோ என்னவோ.

அறையில் அப்பாவும் மகளும் மிஞ்சினார்கள். மேலே மண்குடத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரத்னா" என்றார் தணிகாசலம். "கொயந்தே, அந்த குலாம் பாயி..."

"இன்னிக்கு சொல்லாத நைனா."

ரத்னா தொட்டியின் மேல் துணியை இழுத்து மூடினாள். ஓரங்களைச் சரி பண்ணினாள். கொட்டாங்கச்சி இறால்களை ஜன்னல் வழியே கொட்டினாள். மூலையில் இருந்த மண்குடங்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனவள், வாசற்படியில் நின்றாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"நாளைக்கும் தண்ணி எடுத்தாறணுமா நைனா?"

அடுப்பங்கரையில் செண்பகம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு அரிசி களைகிற சத்தம் கேட்டது.

"எடுத்தாம்மா" என்றார் தணிகாசலம்.